இங்கிலாந்தில் ஒரு செமஸ்டர்: எந்தப் பாடத்தை எடுப்பது?

வைகைக்கரை:

வணக்கம். கல்லூரியின் பரிமாற்றத் திட்டத்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பி.ஏ. பொருளாதாரம், மூன்றாம் ஆண்டு. ஜூனியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, சாப்பாடு, குளிர், செலவு பற்றித்தான். தேவையான கேள்விகள்தான், யாராவது கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் அங்கே போய் என்ன பாடம் எடுப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை எழுதத்தான் இந்த இழை.

என் கருத்து இது: எடுக்கிற பாடங்களில் ஒன்றாவது, அந்த ஊரில் இருந்து படித்தால்தான் முழுசாகப் பிடிபடும் என்கிற பாடமாக இருக்க வேண்டும்.

யார்க்கில் வழக்கமாக ஒரு பாடத்துக்கு 20 கிரெடிட். செமஸ்டருக்கு மூன்று பாடம், மொத்தம் 60. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மைக்ரோ, மேக்ரோ, எகனோமெட்ரிக்ஸ் என்று இங்கே விட்டுப்போகும் அதே பாடங்களை அங்கேயும் தேடிப் பிடித்து எடுத்துக்கொள்கிறார்கள். கிரெடிட் ஒத்துப்போகும் என்பது காரணம். சரி, ஆனால் அந்தப் பாடப்புத்தகம் மதுரையிலும் கிடைக்கும். இவ்வளவு செலவு செய்து, வீட்டை விட்டுப் போய், அதே டிமாண்டு கோட்டை வரைந்துவிட்டு வருவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

இரண்டு பாடங்களை அப்படி எடுத்தேன். மூன்றாவதாக வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றிய பாடம் ஒன்றை எடுத்தேன். காரணம் சீபோம் ரௌண்ட்ரீ.

ரௌண்ட்ரீ குடும்பத்துக்கு யார்க்கில் சாக்லேட் ஆலை இருந்தது. நாம் தின்கிற கிட்கேட் 1935ல் அந்த நிறுவனத்தில் பிறந்ததுதான். இப்போது நெஸ்லே கையில் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை சீபோம், 1899ல் தன் ஊரின் உழைப்பாளிக் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901ல் முடிவு வெளிவந்தபோது ஊர் மக்களில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாகத் தெரிந்தது. அதற்கு முன்பே சார்லஸ் பூத் லண்டனில் சுமார் 30 சதவீதம் என்று காட்டியிருந்தார். லண்டன் பெரிய பட்டணம், அங்கே அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பேராலயமும் கோட்டைச் சுவருமாக இருக்கிற ஒரு நடுத்தர ஊரிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான் என்பதைப் பார்த்து அதிர்ந்து போனார்கள்.

அவர் போட்ட வறுமைக் கோட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்றால் வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ். உடம்பு ஓடுவதற்குத் தேவையானது மட்டும்தான் இதில் அடக்கம். வண்டிக் கட்டணத்துக்குக் காசு கிடையாது. பத்திரிகைக்குக் கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைக்குக் கடிதம் போடத் தபால்தலைக்கும் கிடையாது. இவ்வளவு இறுக்கிப் பிடித்துக் கணக்குப் போட்டும் வருமானம் அந்தக் கோட்டைத் தொடாதவர்கள் ஊரில் பத்தில் ஒருவர். அந்த 28 சதவீதத்தில் மற்றவர்கள், வருமானம் கோட்டைத் தொட்டும் அதில் ஒரு பகுதி வேறு செலவுக்குப் போனதால் வறுமையில் இருந்தவர்கள். கோட்டையே தொடாத அந்தப் பத்தில் ஒரு பங்கினரில் பாதிப் பேருக்கு மேல், குடும்பத் தலைவர் ஒழுங்காக வேலைக்குப் போயும் கூலி போதாத வீட்டைச் சேர்ந்தவர்கள். ஏழைகள் சோம்பேறிகள் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு நாட்டில் இந்தக் கணக்கு என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே வகுப்பில் ரௌண்ட்ரீயை இரண்டு வரியில் கடந்திருக்கிறோம். அங்கே அதைப் படித்த கையோடு ஹங்கேட்டுக்கு நடந்து போனேன். ஃபாஸ் ஆற்றை ஒட்டிய அந்தப் பகுதி அன்றைக்கு ஊரின் படுமோசமான சேரிகளில் ஒன்று. 1930களில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது பால்கனி வைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். அடுத்த செமினாரில் ஆசிரியை கேட்டது ஒரே கேள்விதான்: இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? டாங் ஹால் போன்ற நகராட்சிக் குடியிருப்புகளுக்கு என்பது பாதிப் பதில். மீதியைத் தேடித்தான் போர்த்விக் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பல்கலைக்கழக நூலகத்தோடு ஒட்டியே இருக்கிறது. ரௌண்ட்ரீ நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார வேண்டும். இளநிலை மாணவி ஒருத்தி அந்தக் காகிதங்களைத் தொட்டுப் படிக்கலாம் என்பதே எனக்குப் புதுசு.

அப்புறம் இன்னொன்று. அதே செமினாரில் தாதாபாய் நவ்ரோஜியைப் பற்றிச் சொன்னேன். ரௌண்ட்ரீக்கு கால் நூற்றாண்டு முன்பே, சிறையில் கைதிகளுக்குக் கொடுத்த சாப்பாட்டை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, 1867-68 விலைவாசியில் இந்தியாவில் ஓர் ஆள் பிழைத்திருக்க ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வேண்டும் என்று கணக்குப் போட்டவர். 1892ல் லண்டனிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே தேர்வானவர். வகுப்பில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரம் நீயே பேசு என்றார் ஆசிரியை. நவ்ரோஜி, ரௌண்ட்ரீ, நம் நாட்டு வறுமைக் கோட்டைக் கணக்கிட்ட டெண்டுல்கர் குழு மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுக் காட்டினேன். 2011-12க்கு டெண்டுல்கர் முறைப்படி கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000. கோடு போடுகிறவர் எதை விட்டுவிடுகிறார் என்பதைப் பற்றியே அன்றைய வகுப்பு முழுக்க ஓடியது.

செங்கல்சூளை:

நல்ல பதிவு, வைகைக்கரை. ஆனால் இது கலைப்பாடக்காரர்களுக்குச் சரிப்படும். நான் சிவில். அடுத்த செப்டம்பரில் ஷெஃபீல்டு போகிறேன். ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் ஷெஃபீல்டிலும் ஒன்றுதான், சேலத்திலும் ஒன்றுதான். எங்கள் சீனியர் ஒருவர் ஆசைப்பட்டு வேறு ஒரு பாடம் எடுத்தார். திரும்பி வந்ததும் இது எங்கள் சிலபஸில் இல்லை என்று கல்லூரி கைவிரித்துவிட்டது. கடைசி செமஸ்டரில் எல்லாரும் பிளேஸ்மெண்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அந்தப் பேப்பரை அரியர் மாதிரி உட்கார்ந்து எழுதினார். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் சனி ஞாயிறு போதாதா? அதற்கு ஏன் கிரெடிட்டைப் பணயம் வைக்க வேண்டும்?

பனிமூட்டம்:

ஷெஃபீல்டில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். செங்கல்சூளை தம்பி, உங்கள் துறைக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

1864 மார்ச் 11 இரவு, ஊருக்கு மேற்கே டேல் டைக் அணை உடைந்தது. புதிதாகக் கட்டி முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த மண் அணை. நடுவில் களிமண் சுவர். அன்று மாலை கரை மேல் நடந்து போன ஒரு தொழிலாளியின் கண்ணில் விரிசல் பட்டது. பொறியாளருக்கு ஆள் அனுப்பினார்கள். நள்ளிரவுக்கு முன்பே கரை போய்விட்டது. ஏறக்குறைய 240 பேர் செத்தார்கள். அரசு அனுப்பிய பொறியாளர் ராபர்ட் ராலின்சன், கரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய்களைப் பதித்த விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். கட்டியவர்கள் தரப்பு நிலச்சரிவு என்றது. எது காரணம் என்ற சண்டை பல வருஷம் நீண்டது. அதே பள்ளத்தாக்கில் கொஞ்சம் மேலே தள்ளி 1875ல் மறுபடி கட்டிய அணை இன்றும் நிற்கிறது. ஊரிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மண் அணையில் கசிவு, கரைக்கு அடியில் போகும் குழாயை ஒட்டி நீர் வழி தேடுவது, இதெல்லாம் உங்கள் ஜியோடெக்னிக்கல் பாடத்தின் மையமான விஷயம். ஜியோடெக் கோர் பேப்பர், அதாவது கட்டாயப் பாடம்தானே? அதையே எடுங்கள், கிரெடிட்டும் ஒத்துப்போகும். புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்கும்போது இந்த அணையைக் கேட்டு வாங்குங்கள். ஊரோடு ஒட்டிய பாடம் என்றால் வரலாற்றுப் பாடம் என்று அர்த்தமில்லை.

வைகைக்கரை:

பனிமூட்டம் அண்ணா சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன், இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சனி ஞாயிறு போதாதா என்ற கேள்விக்கு: போதாது என்பேன். சுற்றிப் பார்க்கப் போனால் போட்டோ எடுப்போம், பலகையில் எழுதியிருப்பதைப் படிப்போம், வந்துவிடுவோம். பாடமாக எடுத்தால் போவதற்கு முன்பே நாற்பது பக்கம் படித்திருக்க வேண்டும். வந்த பிறகு 3,000 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். அதை ஒருவர் வரி வரியாகப் படித்து, இந்த வாதத்துக்கு ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார். அந்தக் கேள்விதான் நம்மை மறுபடி அந்தத் தெருவுக்கு அனுப்புகிறது.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வகுப்பு நேரம் ரொம்பக் குறைவு. என் அட்டவணையில் வாரத்துக்குப் பத்து மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரம் முழுக்கப் படிப்பதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்தக் காலி நேரம் முதலில் சந்தோஷமாக இருக்கும், ஒரு மாதம் போனதும் தனிமையாகிவிடும். அறைக்குள் சுருண்டுகொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போட்டபடியே செமஸ்டரை ஓட்டியவர்களை அங்கே பார்த்தேன். வெளியே இழுத்துக்கொண்டு போகிற ஒரு பாடம் கையில் இருந்தால் அந்த நேரம் நிறைந்துவிடுகிறது.

எட்டாம்பக்கம்:

ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பேராசிரியர். மாணவர் பரிமாற்றக் கோப்புகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். செங்கல்சூளை சொன்ன பிரச்சினை உண்மையானது, அதைத் தள்ளிவிட்டுப் பேசக்கூடாது.

கல்லூரி முதலில் பார்ப்பது, அந்தப் பாடம் எந்த இடத்தில் உட்காரும் என்பதை. கோர் பேப்பர் என்றால் பாடத்திட்டம் பெரும்பகுதி ஒத்துப்போக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் என்றால் துறைக்குள் இருந்தால் போதும். ஓப்பன் எலெக்டிவ் என்றால் இன்னும் தாராளம். ஆகவே பரிமாற்றத்துக்குப் போகிற செமஸ்டருக்காக ஓர் எலெக்டிவை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே எல்லா எலெக்டிவையும் முடித்துவிட்டு வந்து, ஊரைப் பற்றிய பாடம் எடுக்கலாமா சார் என்று கேட்டால் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்தது, வாய்வார்த்தையை நம்பிக் கிளம்பாதீர்கள். எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்று துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருவரின் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும். அங்கே போன பிறகு பாடம் மாறினால் உடனே மின்னஞ்சல் போட்டு, பதிலையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சி இல்லை, பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது என்றால் அனுமதி பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். அதற்கு ஒரு செமஸ்டர் முன்பே எழுதிப் போடுங்கள்.

மதிப்பெண் விஷயம் இதைவிட முக்கியம். இங்கிலாந்தில் 40 எடுத்தால் பாஸ். 60 முதல் 69 வரை அப்பர் செகண்ட், நல்ல மாணவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்பார்கள். 70 வந்தாலே முதல் வகுப்பு. 80 அபூர்வம். இந்த 64ஐ இங்கே அப்படியே 64 என்று ஏற்றினால் சி.ஜி.பி.ஏ. சரிந்துவிடும். அவர்கள் 64க்கு நம் எந்தக் கிரேடு சமம் என்ற மாற்று அட்டவணை உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் போவதற்கு முன்பே ஒன்றை நிறைவேற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். மார்க்ஷீட் வந்த பிறகு கேட்டால், மார்க்கை உயர்த்தச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

செங்கல்சூளை:

எட்டாம்பக்கம் சார், இது எனக்கு ரொம்ப உதவி. எலெக்டிவ் ஒன்று கையில் இருக்கிறது. ஜியோடெக் கோர், எங்களுக்கு ஐந்தாம் செமஸ்டர், அது தானாகவே பொருந்திவிடும் என்று நினைக்கிறேன். பனிமூட்டம் அண்ணா, அந்த அணை பற்றி இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். ஷெஃபீல்டுக்கு விண்ணப்பித்தபோது எஃகு ஊர் என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. மார்க் விஷயத்தில் மட்டும் இன்னும் பயம் இருக்கிறது. புது மாதிரியான பாடத்தில் மார்க் குறையாதா?

வைகைக்கரை:

குறைய வேண்டும் என்றில்லை. மூன்றில் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது வறுமைப் பாடத்தில்தான். மற்ற இரண்டில் அங்கத்திய மாணவர்கள் இரண்டு வருடமாக அதே முறையில் பழகியவர்கள். இதில் நவ்ரோஜி என் கையில் இருந்தார். நம் ஊர் அறிவு அங்கே செல்லுபடியாகிற இடமும் இந்த மாதிரிப் பாடம்தான்.

நொய்யல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மாணவன் இல்லை, மாணவியின் அப்பா. கோவையில் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். மகள் பி.ஏ. வரலாறு. செப்டம்பர் முதல் மான்செஸ்டரில் ஒரு செமஸ்டர் இடம் கிடைத்திருக்கிறது. நீங்கள் பேசுவதை இரவு முழுக்கப் படித்தேன். ஆனால் எனக்குப் பெற்றோருக்கு வருகிற கவலைகள்தான் முதலில். உடம்புக்கு வந்தால் என்ன செய்வது? சீக்கிரம் இருட்டிவிடும் என்கிறார்களே, பெண்பிள்ளை எப்படிப் போய் வருவாள்? பகுதி நேர வேலை பார்த்துக் கொஞ்சம் செலவைச் சமாளிக்கலாம் என்கிறாள், அது நடக்குமா?

வைகைக்கரை:

அப்பா, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேலை எந்த விசாவில் போகிறாள் என்பதைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பு என்றால் விசிட்டர் விசாவிலேயே போகலாம், ஆனால் அதில் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் இல்லாத வேலையும் கூடாது. மாணவர் விசாவில், பட்டப்படிப்பு நிலையில் இருந்தால், பொதுவாகப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. ஆனால் ஒரு செமஸ்டருக்கு வந்துபோகிற பிள்ளைக்கு வேலை தேடிக் கிடைப்பதற்குள் பாதிக் காலம் ஓடிவிடும். அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

உடம்பு விஷயம்: ஆறு மாதத்துக்குள் என்றால் விசாவோடு சேர்த்து வாங்குகிற சுகாதாரக் கட்டணம் கிடையாது. செலவு மிச்சம்தான், ஆனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் பில் வரும். அதனால் நல்ல பயணக் காப்பீடு கட்டாயம். போய்ச் சேர்ந்த வாரமே பக்கத்திலிருக்கும் ஜி.பி. எனும் பொது மருத்துவரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள், அதற்குக் காசில்லை. அவரைப் போய்ப் பார்ப்பதும் இலவசம். மருந்துக்குத்தான் பணம்.

இருட்டு உண்மை. டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகுதான் பகல் சுருங்கியது சட்டென்று தெரியும். அன்றிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், வீட்டுக்குப் பேசும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு இருட்டினாலும் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவதில்லை, அது அவர்களுக்குப் பிற்பகல்தான். நான் நூலகத்திலிருந்து கூட்டத்தோடு பஸ்ஸில் வருவேன். விடுதி அறை பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, திரும்பி வரும் டிக்கெட்டை டிசம்பரில் போட்டுவிடாதீர்கள். முதல் செமஸ்டர் தேர்வுகள் பல இடங்களில் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரியில்தான் நடக்கும். தேதியை எழுத்தில் வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள். அப்புறம் பெட்டியில் நெய், பால்கோவா வைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை.

நல்லூரான்:

லண்டனில் கனகாலமாக இருக்கிறேன். நொய்யல் ஐயா, மான்செஸ்டரிலும் எங்கட ஆட்கள் இருக்கினம், அரிசி பருப்புக்குப் பஞ்சமில்லை. பிள்ளை கிழமைக்குக் கிழமை லண்டனுக்கு ஓடிவராமல் பார்த்துக்கொள்ளுங்கோ. கோயில், கடை, தமிழ்ப் பேச்சு எல்லாம் இங்கே இருக்கு, அதனாலேயே வந்தால் திரும்பிப் போக மனம் வராது. வைகைக்கரைத் தங்கச்சி சொல்கிற படிப்பு அங்கேயே இருந்தால்தான் நடக்கும்.

நொய்யல்:

எல்லோருக்கும் நன்றி. மனசு பாதி லேசானது. மகளோடு உட்கார்ந்து மான்செஸ்டர் பாடப்பட்டியலைப் பார்த்தேன். தொழிற்புரட்சியும் பேரரசும் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பஞ்சுதான் அதில் பெரும்பகுதி. எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான், நிஜ மான்செஸ்டரில் மில் எப்படி நடந்தது என்று தெரியாது.

பனிமூட்டம்:

ஐயா, அந்தப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டையல் என்ற ஊரில் குவாரி பேங்க் மில் இருக்கிறது. 1784ல் சாமுவேல் கிரெக் கட்டியது. உள்ளே தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் வேலைக்கென்று கொண்டுவந்து தங்க வைத்த வீடும் அங்கேயே இருக்கிறது. அதோடு 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று லங்காஷயர் மில்கள் முடங்கிய கதையைப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது இந்தியப் பஞ்சை வரவழைத்தார்கள். சூரத் பஞ்சு என்று பெயர். தொழிலாளிகள் அதை வெறுத்தார்கள்.

நொய்யல்:

வெறுத்திருப்பார்கள், அது எனக்குப் புரிகிறது. குட்டை இழைப் பஞ்சு. நீள இழைக்கு செட் பண்ணிய மெஷினில் அதை ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். முடிச்சுப் போடுவதிலேயே ஷிப்டு போய்விடும். அந்தக் காலத்தில் பீஸ் ரேட், அதாவது செய்த வேலை அளவுக்குத்தான் கூலி என்றால் அறுந்த நூலுக்கெல்லாம் தொழிலாளி வயிற்றில்தான் அடி. மகளிடம் இதைச் சொன்னேன், உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். எடுத்தால் இந்தப் பாடம்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் துறையில் கேட்டதற்கு இது நம் சிலபஸில் இல்லை என்கிறார்கள். எட்டாம்பக்கம் சார், என்ன செய்யலாம்?

எட்டாம்பக்கம்:

நொய்யல் சார், பி.ஏ. வரலாற்றில் ஐரோப்பிய வரலாறோ இங்கிலாந்து வரலாறோ ஒரு தாள் கட்டாயம் இருக்கும். தொழிற்புரட்சி அதில் ஓர் அலகாகவாவது வரும். புதுப் பாடம் என்று கேட்காமல், அந்தத் தாளுக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளை மகள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தால் எலெக்டிவ் கணக்கில் கேளுங்கள். கடிதத்தை மகள் எழுதட்டும், துறைத்தலைவர் வழியாக முதல்வருக்குப் போகட்டும். மான்செஸ்டர் தளத்தில் அந்தப் பாடத்தின் விவரக் குறிப்பு இருக்கும், கிரெடிட், மதிப்பீட்டு முறை எல்லாம் அதிலேயே வந்துவிடும், பிரிண்ட் எடுத்து இணையுங்கள். வாராவாரம் என்ன நடத்துகிறார்கள் என்ற அட்டவணை தளத்தில் இல்லையென்றால், பாடம் எடுப்பவருக்கு மகளே மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம், அனுப்பிவிடுவார்கள். அது இல்லாமல் போகிற கடிதங்கள்தான் எங்கள் மேஜையில் அதிகம் தேங்குகின்றன.